போன வருட மாடல் தள்ளுபடியில் நிற்கிறது: 250-ஆ, 450-ஆ?

இந்தக் கேள்விக்கு ஓட்டிப் பழகிய சிலர் ஒருவர் பின் ஒருவராகப் பதில் சொல்கிறோம். புது மாடல் ஷோரூமுக்கு வந்ததும், மண் டிராக்கில் ரேஸ் ஓட்டுகிற மோட்டோகிராஸ் வண்டிகளில் போன வருடத்தவற்றின் விலை இறங்கும். விற்காமல் நின்ற 450 சிசி வண்டியின் விலை, புத்தம் புது 250 சிசி வண்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். "அதே காசுக்குப் பெரிய இன்ஜின்" என்று மனசு உடனே அந்தப் பக்கம் சாயும். தள்ளுபடி ஒரு தடவைதான் கிடைக்கும். இன்ஜினின் அளவு, ஓட்டுகிற ஒவ்வொரு மணி நேரமும் கூடவே வரும். அதனால் விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: எந்த மாதிரி இடத்தில் ஓட்டப் போகிறீர்கள், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்ட பிறகு உங்கள் எடை எவ்வளவு, மாதத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்ட முடியும்.

250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் ஏறக்குறைய 40 குதிரைத்திறன் தரும். அதுவும் மேல் ஆர்.பி.எம்-மில், அதாவது இன்ஜின் வேகமாகச் சுற்றும்போதுதான். 450 என்றால் 50-ஐத் தாண்டிவிடும், கீழிருந்தே இழுக்கும். எடை வித்தியாசம் பார்த்தால் பெரிதில்லை. 2021 யமஹாவில் ஒய்இசட்250எஃப்-க்கும் ஒய்இசட்450எஃப்-க்கும் ஏறக்குறைய 5 கிலோதான். ஆனால் ஏறி ஓட்டும்போது அது 5 கிலோவாகத் தெரியாது. பெரிய பிஸ்டனும் கிராங்கும் சுற்றுகிற வேகத்தில் வண்டி சாய மறுக்கும், வளைவில் நேராகவே போகப் பார்க்கும். த்ராட்டிலை மூடினால் இன்ஜின் பிரேக்கிங் முன் சக்கரத்தின் மேல் பாரத்தைத் தள்ளும்.

தப்பு செய்தால் என்ன ஆகும் என்பதுதான் இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம். 250-இல் தப்பான கியரில் வளைவை விட்டு வெளியே வந்தால் வண்டி திணறும். கிளட்சைத் தொட்டு மீட்டுக்கொள்ளலாம். 450-இல் மணிக்கட்டு கொஞ்சம் அதிகமாகத் திரும்பினால் பின் சக்கரம் பக்கவாட்டில் போய்விடும். அந்தப் பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்போம், முன்னங்கை கல்லாகிவிடும். புதிதாக ஓட்டுபவர்களில் பலர் 450-இல் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காததற்குக் காரணம் இந்தக் கை இறுக்கம்தான். உடல் வலு குறைவு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

*

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 450 எல்லோருக்கும் ஆகாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 95 கிலோவுக்கு மேல் இருப்பவர், ஆழமான மணல், நீண்ட ஏற்றம், அகலமான திறந்த டிராக் என்றால் 250 எப்போதும் கழுத்தைப் பிடித்த மாதிரி கத்திக்கொண்டே இருக்கும். அங்கே 450-ஐ மூன்றாவது கியரில் போட்டு மெதுவாக உருட்டினால், ஓட்டுபவர் களைப்பில்லாமல் வேகமாகப் போவார்.

450-ஐ அடக்குவதற்கு வழிகள் உண்டு. முதல் வழி, வளைவில் ஒரு கியர் மேலே வைத்து ஓட்டுவது; செலவே இல்லை. அடுத்தது மேப், அதாவது இன்ஜின் எவ்வளவு சீறிப் பாய வேண்டும் என்று சொல்லும் கம்ப்யூட்டர் செட்டிங். மேப் சுவிட்ச் இருந்தால் மென்மையான மேப்பில் ஆரம்பியுங்கள். 2018-லிருந்து ஒய்இசட்450எஃப்-இல் ஃபோன் ஆப் வழியாகவே இக்னிஷனையும் ஃப்யூயலையும் மாற்றலாம். மூன்றாவது, மெதுவாகத் திறக்கும் த்ராட்டில் கேம் (கைப்பிடியில் த்ராட்டில் கேபிளை இழுக்கும் சக்கரம்). குறுகலான இடத்தில் அடிக்கடி இன்ஜின் அணைந்துபோகிறது என்றால் ஃப்ளைவீல் (கிராங்கோடு சுற்றும் கனமான சக்கரம்) எடை கூட்டலாம்.

ஸ்ப்ராக்கெட் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். செயின் ஓடும் பல் சக்கரம்தான் ஸ்ப்ராக்கெட். 13/49, அதாவது முன்னால் 13 பல், பின்னால் 49 பல் என்றால் விகிதம் 3.77. முன்னால் ஒரு பல் குறைத்து 12 போட்டால் 4.08. இதையே பின்னால் பல் கூட்டிக் கொண்டுவர வேண்டுமானால் 53 வேண்டும். அதாவது முன்னால் ஒரு பல்லும் பின்னால் நான்கு பல்லும் ஏறக்குறைய ஒன்று. 450-க்கு முன்னால் குறைப்பது பெரும்பாலும் தப்பான திசை, வண்டி இன்னும் வெடுக்கென்று பாயும். பின்னால் ஒரு பல் கூட்டுவதோ குறைப்பதோ போதும். சின்ன முன் ஸ்ப்ராக்கெட்டில் செயின் கூர்மையாக வளையும், ஸ்விங்ஆர்ம் கைடும் சீக்கிரம் தேயும்.

350-ஐயும் மறக்க வேண்டாம். 450-கள் நிறைந்த எம்எக்ஸ்1 என்ற ரேஸ் வகுப்பில் 2010-இல் அந்தோனியோ கைரோலி உலகப் பட்டம் வென்றது கேடிஎம் 350 எஸ்எக்ஸ்-எஃப்-இல்தான். 88 x 57.5 மி.மீ. (சிலிண்டர் விட்டம் x ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இன்ஜின், 250 மாதிரி திரும்பும், மேலே நன்றாக இழுக்கும். பழைய ஸ்டாக்கில் 350 கிடைத்தால் நான் 450-ஐத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

*

செலவுப் பக்கத்தை நான் சொல்கிறேன். "சின்ன இன்ஜின் என்றால் பராமரிப்புக் குறைவு" என்பது ஃபோர் ஸ்ட்ரோக்கில் தலைகீழ். 250-ஐ வேகமாக ஓட்ட வேண்டுமானால் மேல் ஆர்.பி.எம்-மிலேயே வைத்திருக்க வேண்டும். 53.6 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள 250, 14,000 ஆர்.பி.எம்-மில் சுற்றினால் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 25 மீட்டர். 60.8 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள 450, 11,000-இல் 22 மீட்டர் சொச்சம். அதிலும் 450 ஓட்டுபவர் 11,000-ஐத் தொடுவதே அபூர்வம். அதனால் ஒரே ஆள், ஒரே டிராக் என்றால் 250-இன் பிஸ்டனும் வால்வும்தான் முதலில் போகும். 450 வேறு இடத்தில் காசைக் கேட்கும்: பின் டயர், செயின், ஸ்ப்ராக்கெட், கிளட்ச் பிளேட்.

இரண்டுக்கும் பொதுவான எதிரி தூசி. பல மோட்டோகிராஸ் ஃபோர் ஸ்ட்ரோக்குகளில் இருப்பது டைட்டானியம் வால்வு, மேலே மெல்லிய கடினப் பூச்சு. ஏர் ஃபில்டர் வழியாக நுழையும் நுண்மண் அந்தப் பூச்சைத் தேய்த்துவிட்டால், வால்வு சீட்டுக்குள் இறங்க ஆரம்பிக்கும், கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் கேமுக்கும் நடுவே உள்ள இடைவெளி) இறுகும். முதல் அறிகுறி, குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஷிம் மாற்றி (இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் தகடு; பொதுவாக 0.05 மி.மீ. படிகளில் கிடைக்கும்) ஒரு முறை சரிசெய்யலாம். சில மணி நேரத்தில் மறுபடி இறுகினால் வால்வை மாற்றியே ஆக வேண்டும். டைட்டானியம் வால்வை அரைக்கும் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைக்காதீர்கள். மிச்சப் பூச்சும் போய்விடும். இறுகிய வால்வோடு ஓட்டினால் அதன் தலை உடைந்து பிஸ்டன் மேல் விழும். பிறகு ஹெட், பிஸ்டன், சில சமயம் கிராங்க் எல்லாமே போகும். தள்ளுபடியில் மிச்சம் பிடித்த தொகை அங்கே ஒரே நாளில் கரைந்துவிடும்.

இன்ஜின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் இல்லாத வண்டி என்றால் முதல் நாளே ஒன்று வாங்கி மாட்டுங்கள். ஆயில் 5 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் பிசகு வராது, இந்த இன்ஜின்களில் இருப்பதே ஒரு லிட்டர் சுமார்தான். ஏர் ஃபில்டரை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவி எண்ணெய் தடவ வேண்டும். வால்வு கிளியரன்ஸை முதலில் 5 மணி நேரத்துக்குள் ஒரு முறை பாருங்கள், பிறகு 15 மணி நேரத்துக்கு ஒரு முறை. மாதம் இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு இது ஒன்றும் பெரிய சுமை இல்லை. வாரம் இரண்டு நாள் டிராக்கில் நிற்பவருக்கு இதுதான் முதல் கணக்கு.

*

டூ ஸ்ட்ரோக் பற்றி யாரும் பேசவில்லையே! கராஜில் தானே கை வைக்க நினைப்பவருக்குப் பழைய ஸ்டாக்கில் 125 அல்லது 250 டூ ஸ்ட்ரோக் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி ஹெட்டில் வால்வு கிடையாது, கேம் கிடையாது. பிஸ்டன், ரிங், பின், கேஸ்கெட் வாங்கி ஒரு மாலையில் டாப் எண்ட் (இன்ஜினின் மேல் பகுதி) வேலையை முடித்துவிடலாம். 125-க்கு அடிக்கடி செய்ய வேண்டும், 250-க்கு அதைவிடத் தாமதமாக.

125-இன் குணம், கிளட்சையும் கியரையும் கற்றுக்கொடுக்கும். பவர் ஒரு குறுகிய இடத்தில் இருக்கும், அதை விட்டால் ஒன்றும் கிடையாது. 80 கிலோவுக்கு மேல் இருப்பவர் மணலில் 125-ஐ எடுத்தால் சிரமப்படுவார். 250 டூ ஸ்ட்ரோக் வேறு ஜாதி. ரேஸ் விதியிலேயே அது 450-க்குச் சமமாக நிற்கிறது: எம்எக்ஸ்2 வகுப்பில் 125 டூ ஸ்ட்ரோக்கும் 250 ஃபோர் ஸ்ட்ரோக்கும், அதற்கு மேல் வகுப்பில் 250 டூ ஸ்ட்ரோக்கும் 450-யும். ஆகவே "இதுவும் 250தானே" என்று இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்காதீர்கள். காட்டுப் பாதை, பாறை, சரிவு என்றால் 300 டூ ஸ்ட்ரோக் இன்னும் சுலபம். கேடிஎம் 300-இல் 72 x 72 மி.மீ.; கீழேயே மென்மையாக இழுக்கும்.

எண்ணெய்க் கலவையை மேனுவல் சொல்கிற அளவில் வையுங்கள். 30:1 என்றால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 167 மில்லி, 40:1-க்கு 125, 60:1-க்கு 83. கார்புரேட்டர் மாடலில் ஜெட்டிங் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை அளவு) பார்க்காமல் ஓட்டக் கூடாது. குளிர் அதிகமானால் காற்று அடர்த்தியாகும், பெரிய மெயின் ஜெட் கேட்கும். மலை மேலே போனால் சின்னது. லீனாக, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் ஓடினால் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்.

*

அளவு முடிவானதும், அந்தக் குறிப்பிட்ட வருட மாடலில் எது இருக்கிறது, எது இல்லை என்று பாருங்கள். ஒரு வருட வித்தியாசத்தில் வண்டியே மாறிப்போயிருக்கும். எலக்ட்ரிக் ஸ்டார்ட்டையே எடுத்துக்கொள்வோம். ஒய்இசட்450எஃப்-க்கு 2018 மாடலில் வந்தது, ஒய்இசட்250எஃப்-க்கு 2019-இல். கவாஸாகி கேஎக்ஸ்450-க்கு 2019, கேஎக்ஸ்250-க்கு 2021. கேடிஎம்-இன் மோட்டோகிராஸ் டூ ஸ்ட்ரோக்குகளுக்கு ஃப்யூயல் இன்ஜெக்ஷன் 2023-இல் வந்தது. சூடான 450-ஐச் சேற்றில் நின்று கிக் அடித்துப் பார்த்தவருக்கு எலக்ட்ரிக் ஸ்டார்ட் பட்டனின் மதிப்பு தெரியும். மாடல் மாறாமல் ஸ்டிக்கர் மட்டும் மாறியிருந்தால் பழைய ஸ்டாக்கைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பிஸ்டன், கிராங்க், ஹெட் ஆகியவற்றின் பார்ட் நம்பரை இரண்டு வருடத்துக்கும் ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும்.

விலையில் ஒரு விஷயம். மறுவிற்பனையில் மாடல் வருடத்தைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் வாங்கிய தேதியை அல்ல. நீங்கள் ஷோரூமை விட்டு வெளியே வரும்போதே வண்டி ஒரு வயது கூடியது. ஆகவே தள்ளுபடி அந்த ஒரு வருடத் தேய்மானத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். போக்குவரத்து, அசெம்பிளி, ஆவணம் எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகையை எழுதி வாங்குங்கள். வாரண்டி விற்ற தேதியிலிருந்து ஓடுமா என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மோட்டோகிராஸ் ரேஸ் மாடல்களுக்கு வாரண்டி மிகக் குறுகியதாக இருக்கும், சிலவற்றுக்கு இல்லவே இல்லை.

வண்டி உண்மையிலேயே ஓடாததா என்று பாருங்கள். ஃபுட்பெக் பல்லின் முனை, கிளட்ச் கவரில் பூட்ஸ் உரசிய தடம், பின் ஸ்ப்ராக்கெட் பல்லின் பக்கம், டிஸ்க்கில் கோடு இருக்கிறதா என்று கவனித்தால் டெமோ வண்டி தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். பெட்டி பிரிக்காத வண்டி கிடைத்தால் அதையே கேளுங்கள். டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். லித்தியம் பேட்டரி நீண்ட நாள் நின்றிருந்தால் வோல்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஓய்வில் 12.8-க்குக் கீழே இருந்தால் ஏறக்குறைய காலி, மாற்றித் தரச் சொல்லலாம். ஒரு தடவை ஸ்டார்ட் செய்து டாங்கில் பெட்ரோலோடு நின்ற வண்டி என்றால் பெட்ரோலை வடித்து, கார்புரேட்டர் மாடலில் பைலட் ஜெட்டைக் (ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் சின்னத் துளை) கழற்றிச் சுத்தம் செய்யாமல் எடுக்க வேண்டாம். பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம்.

*

டிராக்குக்கே போகாதவர்களுக்கு ஒன்று. மோட்டோகிராஸ் வண்டியைக் காட்டுப் பாதைக்கு வாங்கினால் சைடு ஸ்டாண்ட் இருக்காது, லைட் இருக்காது, டாங்க் சிறியது, கியர்கள் நெருக்கமாக இருக்கும், பின் சக்கரம் 19 அங்குலம். ரேடியேட்டருக்கு ஃபேன் இல்லாததால் மெதுவான ஏற்றத்தில் 450 கொதிக்கும். இவை எல்லாவற்றையும் வாங்கிப் போட்டால் காட்டுப் பாதைக்கென்றே செய்த எண்டூரோ வண்டியின் விலை வந்துவிடும். அதற்குப் பதில் ஹோண்டா சிஆர்எஃப்250எஃப் மாதிரி ஏர்-கூல்டு டிரெயில் வண்டி, வேகம் குறைவு என்றாலும் வருடக்கணக்கில் ஆயிலும் ஃபில்டரும் மட்டும்தான் கேட்கும். சீட் உயரமும் 90 செ.மீ.-க்குக் கீழே. மோட்டோகிராஸில் அது 95 பக்கத்தில் இருக்கும். வளரும் பிள்ளைகளுக்கு "கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்று பெரிய இன்ஜின் எடுக்காதீர்கள். கால் எட்டாத பிள்ளை ஓட்டக் கற்காது, பயப்படத்தான் கற்கும்.

*

எந்த அளவு வாங்கினாலும் ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்துகிறதா என்று முதல் நாளே அளந்துவிடுங்கள். சக்கரம் தரையில் படாதபடி வண்டியை லிஃப்ட் ஸ்டாண்டில் தூக்கி, பின் அச்சிலிருந்து ஃபெண்டரில் ஒரு குறி வரை அளவெடுங்கள். தரையில் இறக்கி, முழு உடையோடு ஏறி அமர்ந்து மறுபடி அளந்தால் வித்தியாசம் 100 முதல் 105 மி.மீ. இருக்க வேண்டும், இல்லையென்றால் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவு) மாற்றுங்கள். அது சரியானதும் ஆள் இறங்கி, வண்டி தன் எடையில் மட்டும் நிற்கும்போது அளந்தால் வித்தியாசம் 30 முதல் 40 மி.மீ. முதல் அளவு சரியாக இருந்தும் இரண்டாவது 30-க்குக் குறைந்தால் ஸ்பிரிங் உங்களுக்கு மென்மை, ப்ரீலோடை அதிகமாக இறுக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். 40-க்கு மேல் போனால் ஸ்பிரிங் கடினம். 250-களில் ஸ்பிரிங் பொதுவாக 450-ஐவிட மென்மையாக வரும். கனமான ஆள் 250 எடுத்தால் ஸ்பிரிங் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

பின் ஷாக்கை ஸ்விங்ஆர்மோடு இணைக்கும் லிங்கேஜையும் ஸ்டீயரிங் பேரிங்கையும் கழற்றி நன்றாக கிரீஸ் வையுங்கள். ஃபேக்டரியில் வைப்பது குறைவு, நின்ற வண்டியில் அது காய்ந்தும் இருக்கும். முதல் அரை மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டயர் நழுவாமல் பிடிக்கும் ரிம் லாக்குக்குப் பக்கத்தில் இருப்பவைதான் முதலில் தளரும். முதல் ஆயிலை இரண்டு மணி நேரத்துக்குள் வடித்துவிடுங்கள்.