அட்லாண்டிக் சிட்டி: 1880களின் டோப்போ ஷீட்டை எவ்வளவு நம்பலாம்?

கழிமுகன்: டோப்போ ஷீட் என்றால் நிலத்தின் மேடுபள்ளம், நீர், பாதைகளைக் காட்டும் வரைபடத் தாள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலப் புவியியல் அளவைத் துறைக்காக வெர்மூல் என்ற அளவையாளரின் குழு, ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கி வரைந்த தாள்கள் இவை. மணல் தீவில் அட்லாண்டிக் சிட்டி என்ற உல்லாச நகரம் எப்படி எழுந்தது என்பதற்கு இவைதான் முதல் சாட்சி. மற்றதெல்லாம் அப்புறம்.

பழம்பெட்டி: அந்த அளவில் ஹோட்டலும் குதிரை லாயமும் ஒரே கறுப்புப் புள்ளி சார். தீவோ தட்டை; ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோட்டுக்கு அங்கே என்ன வேலை? சான்போர்ன் கம்பெனியின் தீக்காப்பீட்டுப் படங்களைப் பாருங்கள். 50 அடிக்கு ஓர் அங்குலம், மரக்கட்டிடம் மஞ்சள், செங்கல் இளஞ்சிவப்பு. வளர்ச்சி தெரிய வேண்டுமென்றால் அங்கேதான்.

கழிமுகன்: தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே மைல்கணக்கில் உப்புச் சதுப்பு. அதைக் கடந்து 1854, 1877, 1880 என்று மூன்று ரயில் பாதைகள் வந்தன. ரயில் இல்லாமல் அந்த நகரமே இல்லை. தீப்பிடிக்க ஒன்றும் இல்லாத சதுப்பை இன்சூரன்ஸ்காரர் ஏன் வரையப் போகிறார்?

அலைவாய்: இருவரும் கரைக்கோட்டை விட்டுவிட்டீர்கள். அந்த நகரத்தின் அப்சீகன் கலங்கரை விளக்கம் 1857இல் ஏற்றப்பட்டது. 1870களில் கடல் அதன் காலடியை நெருங்கிவிட, அலைத்தடுப்புகள் போட்டார்கள். பிறகு மணல் சேர்ந்து, இன்று விளக்கு தெருக்களுக்கு நடுவே நிற்கிறது. இப்படி இடம் மாறும் கரையை ஒரே தாளில் பார்த்துவிட்டு "இதுதான் இயற்கைக் கரை" என்று சிலர் வாதாடுகிறார்கள். போதாததற்கு, அளந்த ஆண்டு வேறு, அச்சான ஆண்டு வேறு.

பழம்பெட்டி: அதேதான். மக்கள்தொகை 1880இல் 5,477, 1890இல் 13,055. மை காய்வதற்குள் படம் பழசு! இன்னொன்று, ஹோட்டல்களில் உழைத்த கறுப்பின மக்கள் ஒதுக்கப்பட்டு வாழ்ந்த நார்த்சைடு உங்கள் தாளில் தனியாகத் தெரியுமா?

கழிமுகன்: சான்போர்னில் மட்டும் குடியிருப்போர் பெயர் இருக்கிறதா என்ன? அதற்குச் சென்சஸ் ஏட்டைத்தான் புரட்ட வேண்டும். பழசானதால்தான் இந்தத் தாளுக்கு மதிப்பே. இன்றைய படத்தின் மேல் வைத்துப் பாருங்கள்: சதுப்பு எதுவரை இருந்தது, எங்கே மண் கொட்டி வீடு கட்டினார்கள் என்று தெரியும். வெள்ளத்தில் எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்று கேட்பவருக்கு மஞ்சளும் இளஞ்சிவப்பும் உதவாது.

அலைவாய்: சரி, சதுப்புக்கு ஒப்புக்கொள்கிறேன். கரைக்கு மாட்டேன். அதற்கு அமெரிக்கக் கடலோர அளவைத் துறையின் தாள்கள் இருக்கின்றன, 1:10,000, 1:20,000 அளவுகளில். வெவ்வேறு ஆண்டுத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு வாருங்கள், பேசலாம்.