2001 டபிள்யூஆர்எக்ஸ்: ஹபரணை றோட்டிலும் லீற்றருக்கு 8.5 தான். பெற்றோல் எங்கே போகுது?

உவர்மலை_ஜிடிஏ:

வணக்கம் அண்ணைமார். வாகனம் 2001 சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ், ஜிடிஏ பொடி, ஈஜே205 டேர்போ இஞ்சின், 5 கியர் மனுவல், ஜப்பான் இறக்குமதி. திருகோணமலைக்குள் உவர்மலை, டவுன், சீனக்குடா ஓட்டத்தில் லீற்றருக்கு 5.2 கி.மீ. கந்தளாய் வழியாக ஹபரணை போய் வந்தால் 8.5. 95 ஒக்டேன்தான் அடிப்பது. செக் இஞ்சின் லைட் எரியவில்லை.

வாங்கும்போதே இருந்த மாற்றங்கள்: காளான் மாதிரித் திறந்த எயார் பில்டர், காற்றை வெளியே விடுகிற புளோ ஓஃப் வால்வ், பின் சைலன்சர், 225/45ஆர்17 ரயர். (புத்தகத்தில் 215/45ஆர்17.)

கவனித்தவை: டவுனுக்குள் ஹீற் மீற்றர் முள் வழக்கமான இடத்தில் நிற்கும், தம்பலகாமம் தாண்டி 70இல் ஒரே சீராகப் போனால் நன்றாகக் கீழே இறங்குது. சைலன்சர் வாயில் விரல் வைத்தால் காய்ந்த கறுப்புக் கரி. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் இரண்டு நிமிஷம் "டிக் டிக்" சத்தம், சூடானதும் போய்விடும்.

பவரைக் குறைக்காமல் எவ்வளவு எடுக்கலாம்? எங்கே தொடங்குவது?

சீனக்குடா_ஸ்பானர்:

தம்பி, இந்த இஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் டவுனுக்குள்ள 7, 7.5 குடுக்கும். 70, 80இல் நேர் றோட்டில் 11 எதிர்பார்க்கலாம். ஹைபிரிட் மாதிரி 20 வேணும் எண்டா அது வேற வாகனம். ஆனா 8.5க்கும் 11க்கும் இடையில இருக்கிறது சின்னக் காசில்லை. இங்கயிருந்து கொழும்பு கிட்டத்தட்ட 260 கி.மீ., ஒரு பக்கத்துக்கே 7 லீற்றர் வித்தியாசம்.

முள் இறங்குது எண்ட இடத்திலயே பாதி விடை கிடக்கு. தேர்மோஸ்டட், அதாவது இஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணி போகாம மறிக்கிற வால்வ், திறந்தபடி இறுகிப்போச்சு. டவுனுக்குள்ள காத்து இல்லாததால இஞ்சின் சூடு பிடிக்குது, றோட்டில ரேடியேட்டருக்குக் காத்து அடிச்சதும் 65 பாகைக்கு வந்துடும். கம்பியூட்டர் "இன்னும் வார்ம் ஆகேல்ல" எண்டு நினைச்சு மேலதிகமாப் பெற்றோல் ஊத்திக்கொண்டே இருக்கும். எங்கட ஊர் வெயிலுக்குத் தேர்மோஸ்டட் தேவையில்லை எண்டு கழட்டி எறியிற பாஸ்மாரும் இருக்கினம். அந்தக் கதையைக் கேட்காதேங்கோ.

ஈஜேயில தேர்மோஸ்டட் இருக்கிறது கீழ, வோட்டர் பம்ப் உறிஞ்சுற பக்கம். 10 மி.மீ. தலை போல்ட் இரண்டு. இஞ்சின் நல்லா ஆறின பிறகுதான் மூடியைத் திறக்கோணும். கழட்டினதைச் சட்டித் தண்ணியில போட்டு வெப்பமானி வைச்சுப் பாருங்கோ: 76 தொடக்கம் 80க்குள்ள திறக்கத் தொடங்கி, 91 அளவில முழுசாத் திறக்கோணும். பச்சைத் தண்ணியிலயே வாய் பிளந்து நிண்டா ஆள் முடிஞ்சுது. ஒரிஜினலே போடுங்கோ. மலிவுச் சாமான்ல வால்வ் சின்னன், இந்த இஞ்சினுக்குத் தண்ணி ஓட்டம் காணாது. புது ரப்பர் வளையம், சின்ன ஜிகிள் வால்வ் மேல்பக்கம், போல்ட்டுக்கு 6.5 நியூட்டன் மீற்றர்தான். அலுமினியத்தில M6 நூல், கூட முறுக்கினா உரிஞ்சுடும்.

கூலன்ட் ஊத்தேக்க அவசரப்பட்டா காத்துக் குமிழி நிண்டு, இந்தமுறை மீற்றர் மேல போகும். இன்டர்கூலருக்குப் பக்கத்தில உயரமா இருக்கிற தாங்கியால மெதுவா ஊத்துங்கோ. ரேடியேட்டர் மேல்மூலையில இருக்கிற காத்து விடுற பிளக்கையும் திறந்து வைச்சு, குமிழி இல்லாமத் தண்ணி வந்த பிறகு பூட்டுங்கோ.

அடுத்தது அந்த "உஸ்" வால்வ், அதுதான் காத்தை வெளியில விடுற புளோ ஓஃப் வால்வ். இந்த வாகனத்தில மாஃப் சென்சர் பில்டருக்குப் பக்கத்தில, டேர்போவுக்கு முன்னால இருக்கு. அதால போன காத்தை அளந்து அதுக்கேத்த பெற்றோலைக் கம்பியூட்டர் ஊத்தும். நீங்க கியர் மாத்தேக்க அளந்த காத்தை வெளியில விட்டா, பெற்றோல் மட்டும் இஞ்சினுக்குள்ள போகுது. ஒவ்வொரு கியருக்கும் ஒரு கறுப்பு மூச்சு. ஒரிஜினல் வால்வ் அதே காத்தைத் திரும்ப இன்டேக் குழாய்க்குள்ள விடும், அதைத் தேடிப் போடுங்கோ. சத்தத்துக்காகப் பெற்றோல் எரிக்கிறது உங்கட விருப்பம்.

மற்றது கம்பியூட்டர் காட்டுற எண்களைக் கண்ணால பார்க்காமச் சொல்ல ஏலாது. ஜப்பான் உள்ளூர் வாகனங்கள் கனக்க, சந்தையில விக்கிற ஈஎல்எம்327 அடப்ரரோட பேசாது. கேகேஎல் கேபிள் ஒண்டு வாங்கி, லப்டொப்பில ஃப்ரீஎஸ்எஸ்எம் அல்லது ரோம்ரெய்டர் மென்பொருள் போடுங்கோ. அதில கூலன்ட் வெப்பம், மாஃப், ஏ/எஃப் கரெக்‌ஷன், ஏ/எஃப் லேர்னிங், ஐஏஎம் ஐந்தையும் எடுத்துப் போடுங்கோ. ஏ/எஃப் இரண்டும் கம்பியூட்டர் பெற்றோலை எத்தனை வீதம் கூட்டிக் குறைக்குது எண்ட கணக்கு, ஐஏஎம் நொக் இல்லாட்டி 16 வரை ஏறுற ரைமிங் எண். ஐடில்ல (நிண்டபடி ஓடேக்க) ஒண்டு, 70இல் ஒண்டு.

நிலாவெளி_றோட்:

ஒரு கேள்வி. 92 அடித்தால் லீற்றருக்கு மிச்சம் பிடிக்கலாமே? ஐடில், டவுன் ஓட்டத்தில் என்ன பெரிய நொக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வரப்போகுது?

சீனக்குடா_ஸ்பானர்:

இந்த வாகனத்துக்கு வேண்டாம். ஜப்பான்ல 100 ஒக்டேனுக்கு ரைமிங் (பிளக் பொறி அடிக்கிற நேரம்) போட்டு விட்ட மெப் (கம்பியூட்டர் அட்டவணை) இது. 95இலயே கம்பியூட்டர் ரைமிங்கைப் பின்னுக்கு இழுத்துத்தான் ஓட்டுது, 92இல இன்னும் இழுக்கும். ரைமிங் பின்னுக்குப் போனா அதே பவருக்குக் கூடப் பெற்றோல் வேணும், எக்ஸோஸ்டும் கூடச் சூடாகும். பெற்றோல் செட்டில மிச்சம் பிடிச்சதை றோட்டில குடுத்துடுவீங்க. வெயில் நேரத்தில பூஸ்டோட (டேர்போ அமுக்குற காத்தோட) ஒருக்கா நல்லா நொக் அடிச்சா பிஸ்டன் ரிங் வரம்பு உடையும். டேர்போ இல்லாத 8 அல்லது 9 கம்ப்ரெஷன் இஞ்சினுக்கு 92 போதும், அது வேற கதை.

உவர்மலை_ஜிடிஏ:

கேபிள் கிடைத்தது. கணக்கு இது. சீனக்குடா – கந்தளாய், ஏசியோடு:

ஐடில் (சூடானபின்): கூலன்ட் 84, மாஃப் 3.1 கிராம்/செக்கன், கரெக்‌ஷனும் லேர்னிங்கும் சேர்த்து −3.
70 கி.மீ., 5ஆம் கியர்: கூலன்ட் 66, கரெக்‌ஷனும் லேர்னிங்கும் சேர்த்து −11.
ஐஏஎம் 16க்கு 12.

சீனக்குடா_ஸ்பானர்:

66. தேர்மோஸ்டட் விசயம் முடிஞ்சுது.

−11 சுவாரசியமானது. கம்பியூட்டர் தான் போட்ட கணக்கில இருந்து 11 வீதம் பெற்றோலைக் குறைச்சுச் சரிக்கட்டுது. ஐடில்ல ஒழுங்கு, காத்து கூடினா மட்டும் பிழை எண்டா, மாஃப் வந்த காத்தை விடக் கூடக் காட்டுது. காரணம் பெரும்பாலும் அந்தக் காளான். மாஃப் கம்பிக்கு முன்னால காத்து நேரா வரோணும், ஒரிஜினல் பெட்டி அதுக்கேத்தமாதிரித்தான் செய்திருக்கு. காளான்ல காத்து சுழண்டு வந்து கம்பியில படும். எண்ணெய் பூசின பில்டர் எண்டா எண்ணெயும் கம்பியில படியும்.

"அதுதான் குறைச்சுச் சரிக்கட்டுதே, பிறகென்ன" எண்டு கேட்பீங்க. சீரா ஓடேக்க கலவை சரிதான், நட்டம் வேற இடத்தில. காத்துக் கூட எண்டா இஞ்சினுக்குச் சுமை கூட எண்டு கம்பியூட்டர் நினைக்கும், சுமை கூட எண்டா ரைமிங்கைக் குறைச்சுப் போடும். காளான் பொனற்றுக்குக் கீழ சூடான காத்தையும் உறிஞ்சுது, அதால நொக் வர, ஐஏஎம் 12க்கு இறங்குது. எல்லாம் ஒரே கயிறு.

ஒரிஜினல் பில்டர் பெட்டியும் கடதாசி பில்டரும் போடுங்கோ. மாஃப் கம்பியை மாஃப் கிளீனர் ஸ்ப்ரேயால மட்டும் கழுவுங்கோ. கார்ப் கிளீனர், பிரேக் கிளீனர் வேண்டாம், விரலோ பஞ்சோ படக்கூடாது. கழட்டி, ஏழெட்டுத் தரம் அடிச்சு, 10 நிமிஷம் காய விட்டுப் போடுங்கோ.

"டிக் டிக்" இரண்டு காரணத்தால வரலாம். எக்ஸோஸ்ட் மனிபோல்ட் கஸ்கற் ஒழுகினாலும் வரும், இந்த இஞ்சினில பிஸ்டன் தட்டினாலும் வரும். முன் ஒக்சிஜன் சென்சருக்கு முன்னால ஒழுகினா வெளிக்காத்து உள்ள போய், கலவை மெலிவு எண்டு சென்சர் நினைச்சுப் பெற்றோலைக் கூட்டும், அப்ப கணக்குப் பிளஸ் பக்கம் போயிருக்கோணும். உங்களுக்கு மைனஸ். அதால பெற்றோல் விசயத்தில அதைப் பிறகு பார்க்கலாம்.

பிளக்கும் ஒருக்காக் கழட்டுங்கோ. பற்றரியையும் பில்டர் பெட்டியையும் எடுத்தாத்தான் கை போகும். 16 மி.மீ. சொக்கற், இடைவெளி 0.7 தொடக்கம் 0.8, முறுக்கு 21 நியூட்டன் மீற்றர். நாலும் காய்ஞ்ச கறுப்பு எண்டா மேல சொன்ன கதைதான். ஒண்டு மட்டும் கறுப்பு எண்டா அந்த இன்ஜெக்டர் அல்லது கொயில்.

கிண்ணியா_ரயர்கடை:

இஞ்சின் பக்கம் அண்ணன் சொல்லிட்டார். நான் கீழே பார்க்கிறேன்.

225/45 ரயர் 215/45ஐ விட 9 மி.மீ. விட்டம் கூட, 1.4 வீதம். உங்க மீற்றர் 100 காட்டினா உண்மையில 101.4 ஓடியிருக்கு. ஆக 8.5 என்கிறது 8.6. பெரிசா ஒண்ணுமில்ல, கணக்குக்குச் சொன்னேன். காத்தழுத்தம் சாரதி கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற அளவு, 32, 33 பிஎஸ்ஐ பக்கம் வரும். காலையில் ரயர் ஆறி இருக்கும்போது பாருங்க. மத்தியானம் கந்தளாய்ல இருந்து வந்து அளந்தா 4 பிஎஸ்ஐ கூடக் காட்டும், அதை நம்பிக் காத்தை இறக்கிடாதீங்க. நாலு ரயரும் ஒரே பிராண்ட், ஒரே தேய்வா இருக்கணும். ஆல் வீல் டிரைவ்ல சுற்றளவு 6 மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா, முன், பின் சில்லுகளுக்குச் சக்தி பிரிக்கிற நடு டிபரன்ஷல் எப்பவும் சுழண்டு சூடாகும். பெற்றோலும் போகும், டிபரன்ஷலும் போகும்.

உப்புக்காத்து ஊர்ல ஆள் கவனிக்காதது பிரேக். ஸ்லைட் பின் துருப்பிடிச்சு இறுகினா பாட் டிஸ்க்கை விடாது. 10 கி.மீ. ஓடி, கடைசியில் பிரேக்கைக் கடினமா அமத்தாம நிப்பாட்டி, இன்பிராரெட் வெப்பமானியால நாலு டிஸ்க்கையும் பாருங்க. ஒரே அச்சில இடதும் வலதும் 30 பாகைக்கு மேல வித்தியாசம்னா, சூடான பக்கம் இழுக்குது. ஒரு சில்லை மட்டும் ஜக்ல தூக்கிச் சுத்திப் பார்க்காதீங்க. நடு டிபரன்ஷல்ல விஸ்கஸ் கப்ளிங் இருக்கு, பிரேக் நல்லா இருந்தாலும் தேன்ல கரண்டி போட்டுச் சுத்துற மாதிரி இறுக்கமா வரும். நாலையும் ஸ்ராண்ட்ல ஏத்தி, நியூட்ரல்ல வெச்சிச் சுத்துங்க. பின்னுக்கு ஹேண்ட் பிரேக் டிஸ்க்குக்கு உள்ளே டிரம்மா இருக்கு, அதையும் மறக்காதீங்க. ஸ்லைட் பின்னுக்குப் பூச சிலிக்கன் பிரேக் கிறீஸ்தான். சாதாரண கிறீஸ் ரப்பரை ஊத வெச்சிடும்.

வீல் அலைன்மென்ட்ல முன் ரோ 0 கேளுங்க, அதாவது முன் சில்லு இரண்டும் நேராப் பார்க்கணும்.

இன்னொண்ணு, கச்சான் காத்துக் காலத்துல எடுத்த கணக்கா இது? மே கடைசியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஹபரணை போற பக்கம் முழுக்க எதிர்க்காத்து. 70இல் போற வாகனத்துக்கு 30 கி.மீ. எதிர்க்காத்து வந்தா, காத்துத் தடை 100இல் போற அளவு, அதாவது இரண்டு மடங்கு. போகவும் வரவும் சேர்த்துத்தான் அளக்கணும்.

நிலாவெளி_றோட்:

காந்தம், ஹைட்ரஜன் கிட் என்று விற்கிறார்களே, 30 வீதம் மிச்சமாம்?

சீனக்குடா_ஸ்பானர்:

காந்தத்துக்குப் பெற்றோல் மசியாது. ஹைட்ரஜன் கிட்டுக்குக் கரண்ட் ஒல்ரனேற்றரில இருந்துதான் வருது, ஒல்ரனேற்றரை இழுக்கிறது இஞ்சின். அதை விட மோசம், சில கிட்ல சென்சர் சிக்னலை மாத்திக் கலவையை மெலிவாக்குவாங்கள். டேர்போ இஞ்சினில பூஸ்ட் நேரம் கலவை மெலிஞ்சா பிஸ்டன் உருகும்.

இனிக் கால், மிதிக்கிற விதம். சீரா ஓடேக்க 14.7 பங்கு காத்துக்கு 1 பங்கு பெற்றோல். பூஸ்ட் வந்ததும் இஞ்சினைக் குளிரா வைக்க 11க்கு 1 வரை ஊத்தும். பூஸ்ட் மீற்றர் ஒண்டு போடுங்கோ, முள் பூச்சியத்துக்குக் கீழ நிக்கிற அளவுக்கு மிதிச்சா நாலு சிலிண்டர் சாதாரண கார் மாதிரித்தான் குடிக்கும். 2,500இல் மேல் கியர். 70இல் 5ஆம் கியர்ல 1,700க்கும் 2,000க்கும் இடையில நிக்கும், சமதரையில அது போதும். ஆனா அந்த ஆர்பிஎம்மில வச்சுக்கொண்டு லொறியை முந்த அமத்தாதேங்கோ. அப்பதான் பூஸ்டும் நொக்கும் சேர்ந்து வரும், 3ஆம் கியருக்கு இறக்குங்கோ.

முன்னால கந்தளாய் மாடோ ஹபரணை யானையோ தெரிஞ்சா நியூட்ரல் போடாமக் கியரிலயே காலை எடுங்கோ, இன்ஜெக்டர் முழுசா மூடிடும். நியூட்ரலில உருண்டா ஐடில் பெற்றோல் எரியும், மணிக்கு 0.8 தொடக்கம் 1 லீற்றர். ஏசியோட 20 நிமிஷம் பாடசாலை வாசல்ல நிண்டா 0.4 லீற்றர் போகும், றோட்டில நாலு கி.மீ.க்குக் கிட்ட.

உவர்மலை_ஜிடிஏ:

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து முடிக்கவா?

சீனக்குடா_ஸ்பானர்:

செய்தா எது வேலை செய்தது எண்டு தெரியாது. முதல்ல தேர்மோஸ்டட் மட்டும். பிறகு பில்டர் பெட்டியும் "உஸ்" வால்வும். ஒவ்வொண்டுக்கும் பிறகு பற்றரி மைனஸை 30 நிமிஷம் கழட்டி வையுங்கோ, பழைய லேர்னிங் அழியும். ஐஏஎம் 8இல இருந்து திரும்ப ஏறும், அதுவரைக்கும் வண்டி கொஞ்சம் மந்தமா இருக்கும், பயப்பிடாதேங்கோ. அளக்கேக்க அதே செட், அதே பம்ப், முதல் "டக்"கோட நிப்பாட்டுங்கோ. 200 கி.மீ.க்குக் குறைய ஓடி அளந்தா ஒரு லீற்றர் கூடக்குறைய நிரம்பினாலே கணக்குப் பிழைச்சுடும்.

இரண்டுக்கும் பிறகு ஐஏஎம் 16க்கு ஏறாம நிண்டா, அது 95க்கு மெப் எழுதவேண்டிய வேலை. வைட்பேண்டும் (கலவை அளக்கிற சென்சர்) டைனோவும் (பவர் அளக்கிற மெஷின்) வைச்சிருக்கிற ஆளிட்டப் போங்கோ. அப்ப இந்த இடத்தில திரும்ப அந்த அஞ்சு கணக்கையும் போட்டா நாங்கள் பார்க்கிறம்.