எட்டு வாரம் தாண்டிய விறகுப்புரைக் குட்டிகள் பழகுமா?

குலசேகரம் அக்கா:
கோட்டார்க்காரர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தக்கலைத் தம்பி பாவம், விறகுப்புரையில், அதாவது விறகு போடும் கொட்டகையில், தாய்ப்பூனை போட்ட மூன்று குட்டிகளும் ஆளைக் கண்டால் சீறிக்கொண்டு ஓடுகின்றன, எப்படிப் பழக்குவது என்று கேட்டான். அதற்கு இவர் சொன்ன பதில்: "எட்டு வாரம் தாண்டினால் வெளியில் பிறந்த குட்டி பழகாது. மினக்கெட வேண்டாம். மீன் சந்தைப் பக்கம் விட்டுவிடுங்கள்." பழகாது என்று யார் சொன்னது? எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஷீட் காயப்போடும் புரையில் எத்தனையோ ஈற்று பார்த்துவிட்டேன். மூன்று மாதக் குட்டியும் பழகியிருக்கிறது. லாரியும் நாயும் நிறைந்த சந்தையில் குட்டியைக் கொண்டு விடுவது கொலை.

கோட்டார்க்காரன்:
அக்கா, உங்கள் புரையில் நடந்ததை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் போட வேண்டாம். குட்டி மனிதனை ஏற்றுக்கொள்ளும் பருவம் இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. 1980களில் அமெரிக்காவில் ஐலீன் கார்ஷ் செய்த ஆய்வுகளில் வந்தது இது. நான் தாராளமாக ஒரு வாரம் கூட்டித்தான் எட்டு என்றேன்.

குலசேகரம் அக்கா:
அந்தப் பருவத்தில் எளிதாகப் பழகும் என்றுதான் ஆய்வு சொல்கிறது. அதற்குப் பிறகு பழகவே பழகாது என்று எங்கே இருக்கிறது? தினமும் கால் மணி நேரம் கையில் எடுத்த குட்டியைவிட நாற்பது நிமிடம் எடுத்த குட்டி மனிதரிடம் கூடுதலாக ஒட்டியது என்று அதே கார்ஷ்தான் கண்டார். மினக்கெட்டால் பலன் உண்டு என்பதுதானே அதற்குப் பொருள்? உங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் எப்படி?

கோட்டார்க்காரன்:
அதெல்லாம் கண் திறந்த கொஞ்ச நாளிலேயே கையில் எடுத்த குட்டிகள். விறகுப்புரையில் வளர்ந்தவை அல்ல. எட்டு வாரம், அவ்வளவுதான்.

மார்த்தாண்டம் டீச்சர்:
ஒன்று கேட்கட்டுமா? பழகுவது என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? மடியில் வந்து படுப்பதையா, ஆளைக் கண்டு ஓடாமல் இருப்பதையா? அதை முதலில் தெளிவாக்கினால் நல்லது.

குலசேகரம் அக்கா:
டீச்சர், அது அப்புறம். எட்டு வாரம் என்று இவர் எதை வைத்துச் சொல்கிறார்? அந்தக் குட்டிகளைப் பார்த்தாரா? தம்பி, கண் என்ன நிறம்?

தக்கலைத் தம்பி:
அக்கா, இரண்டுக்கு நீலம். ஒன்றுக்கு மட்டும் பச்சை கலந்த மாதிரி இருக்கிறது. எப்போது பிறந்தன என்று தெரியாது.

குலசேகரம் அக்கா:
கேட்டீர்களா? ஆறு, ஏழு வாரத்தில்தான் நீலம் மாறத் தொடங்கும். இந்தக் குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகியிருக்காது என்றே தோன்றுகிறது. பார்க்காமலே சந்தையில் விடச் சொல்லிவிட்டார்!

கோட்டார்க்காரன்:
பச்சை கலந்துவிட்டது என்கிறானே. மாறிவிட்டது என்றால் எட்டு வாரம்தான். உங்கள் வாயாலேயே சொல்கிறீர்கள்.

குளச்சல் வள்ளக்காரன்:
இதுக்கு இவ்வளவு பேச்சா? துறைமுகத்துக்கு வாங்க, காட்டுறேன். சாளைத் தலையை வீசினால் நூறு பூனை காலைச் சுற்றும். எது எத்தனை வாரம் என்று யார் எண்ணினார்கள்? கொஞ்சம் பசும்பாலையும் ஊற்றுங்க, தானாக வரும்.

குலசேகரம் அக்கா:
அண்ணே, அவை மீனுக்கு வருகின்றன. குனிந்து கை நீட்டிப் பாருங்கள், ஒன்றுகூட நிற்காது. பசும்பாலும் வேண்டாம், குட்டிக்கு வயிற்றோட்டம் வரும்.

தம்பி, நீ இவர்களை விடு, இதைக் கேள். குட்டிகள் தாமாகத் தின்னத் தொடங்கியிருந்தால் வீட்டுக்குள் ஒரு சின்ன அறைக்குக் கொண்டு வா. கட்டில், அலமாரி அடியில் புகுந்துகொள்ளும் இடமெல்லாம் அடைத்துவிடு. ஒளிய ஒரு அட்டைப்பெட்டி மட்டும் போதும். தீனியை வைத்துவிட்டுப் போய்விடாதே, பக்கத்திலேயே தரையில் உட்கார். நின்றால் அவற்றுக்கு நீ பெரிய ஆபத்து. உற்றுப் பார்க்காதே, கண்ணை மெதுவாக மூடித் திற. உப்பில்லாமல் அவித்த சாளையை முள் எடுத்து, விரல் நுனியில் தடவி நீட்டு. முதலில் காதைப் படுக்கவைத்து, உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நாக்கை மட்டும் நீட்டும். தின்னும்போதே உர்ர்ரென்று உறுமும். பயந்துவிடாதே, பிடுங்கிக்கொள்வாய் என்று நினைக்கிறது, அவ்வளவுதான். அந்த உறுமல் நின்றபின் இன்னொரு கையால் கன்னத்தையும் தாடையையும் தொடு. மேலிருந்து தலைக்குக் கையைக் கொண்டுபோகாதே. எதிர்ப்பு அதிகமுள்ள குட்டியைத் தனியாக வை. கூடப்பிறந்தவை பக்கத்தில் இருந்தால் அவற்றிடம்தான் ஒட்டும், உன்னிடம் ஒட்டாது. வீட்டில் நாலு பேரும் மாறி மாறித் தொடுங்கள், இல்லையென்றால் உனக்கு மட்டும் பழகி மற்றவரைக் கண்டால் ஓடும். தாய்க்குக் கருத்தடை செய்துவிடு. பால் கொடுக்கும்போதே மறுபடி சினைபிடிக்கும்.

கோட்டார்க்காரன்:
இத்தனை நீளம் எழுதியும் எட்டு வாரத்துக்குப் பதில் வரவில்லை. அப்பன் பூனையின் குணமும் குட்டிக்கு வரும் என்று 1995இல் ஆய்வாளர் சான்ட்ரா மெக்கியூன் காட்டிவிட்டார். அது குட்டியின் பக்கமே வராவிட்டாலும் அந்தக் குணம் இறங்கும். தக்கலையில் திரியும் கடுவன் எப்படிப்பட்டது என்று அக்காவுக்குத் தெரியுமோ?

குலசேகரம் அக்கா:
அதே மெக்கியூன் ஆய்வில், சின்னதில் மனிதர் எடுத்துப் பழக்கிய குட்டிகள் மனிதரிடம் கூடுதலாக வந்தன என்பதும் இருக்கிறதே. அப்பனைக் காட்டிக் குட்டியைத் தள்ளிவிடுவது என்ன நியாயம்?

தக்கலைத் தம்பி:
அக்கா, பச்சைக்கண் குட்டி இன்று கையைக் கீறிவிட்டது. லேசாக ரத்தம் வந்தது.

குளச்சல் வள்ளக்காரன்:
மஞ்சள் வைத்துக் கட்டு, காலையில் சரியாகிவிடும். குட்டி நகத்துக்கெல்லாம் ஊசி போட்டால் நாங்கள் தினமும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்க வேண்டும்.

குலசேகரம் அக்கா:
மஞ்சள் வைக்கவே வைக்காதே! ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போ. போன அன்றே முதல் ஊசி, அப்புறம் அன்றிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து ஊசி. ஒன்றையும் விடாதே. வெறிநோய் வந்துவிட்டால் மருந்து இல்லை. வள்ளக்காரர் அண்ணே, தெரியாத பிள்ளைக்கு இப்படிச் சொல்லாதீர்கள்.

குளச்சல் வள்ளக்காரன்:
கடல்ல போறவனுக்கு எது ஆபத்துன்னு தோட்டத்துல இருந்து பாடம் எடுக்கிறீங்களா? நல்லா இருக்கு.

கோட்டார்க்காரன்:
இந்த அக்கா எல்லாருக்கும் பாடம்தான். சென்ற தடவை தேனுக்கும் இப்படித்தான் குதித்தார். உறைந்த தேன் சர்க்கரைப்பாகு என்று நான் சொன்னதற்கு ஒரு வாரம் விடவில்லை.

குலசேகரம் அக்கா:
இன்றும் சொல்கிறேன், அது சர்க்கரைப்பாகு இல்லை. நம் குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். ரப்பர் தளிர் இலைக்காம்பில் சுரப்பதைத்தான் தேனீ எடுக்கிறது. அது சீக்கிரம் உறையும். மார்த்தாண்டத்தில் பெட்டி வைத்திருக்கும் யாரையும் கேளுங்கள்.

மார்த்தாண்டம் டீச்சர்:
தேன் உறைவது உண்மைதான். ஆனால் நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கோட்டார்க்காரன்:
தேனை விடுங்கள் டீச்சர். கீறியது பச்சைக்கண் குட்டி, கவனித்தீர்களா? கண் மாறிவிட்டதும் அதற்குத்தான். எட்டு வாரம் என்று நான் சொன்னது இதைத்தான்.

குலசேகரம் அக்கா:
பயந்தால் நாலு வாரக் குட்டியும் கீறும். தம்பி, ஆஸ்பத்திரி போய் வந்ததும் எழுது. அந்தக் குட்டியை வெளியே விட்டுவிடாதே. துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய மடியில் வைத்து ஊட்டுவது எப்படி என்று சொல்கிறேன். பழைய தேங்காய்ப்பூத் துண்டு ஒன்று எடுத்து வை.

கோட்டார்க்காரன்:
எட்டு வாரம்.