புதுப்பிப்பு: அது வெந்தய வரியன் இல்லை

போன வாரம் யாங்கோன் வீட்டுத் தொட்டியில் வந்து உட்கார்ந்த ஆரஞ்சுப் பட்டாம்பூச்சியை வெந்தய வரியன் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். தப்பு. படத்தைப் பெரிதாக்கினால் பின்னிறக்கையின் மேல் விளிம்பருகே ஒரே ஒரு கரும்புள்ளிதான். வரியனுக்கு இறக்கை நடுவில் மூன்று இருக்கும், ஆணுக்கு நான்கு. இதன் ஓரமும் லேசாக நெளிந்திருக்கிறது.

ஆக, இது டனைட் எக்ஃப்ளை (Danaid Eggfly) என்ற வேறொரு பட்டாம்பூச்சி இனத்தின் பெண். எருக்கிலை தின்று வளரும் வரியனைப் பறவைகள் பெரும்பாலும் தொடாது. அதன் வேஷத்தில் இது தப்பிக்கிறது. இந்த எக்ஃப்ளையின் ஆணோ கறுப்பு, பெரிய வெள்ளைத் திட்டுகள், அவற்றைச் சுற்றி ஊதா மினுக்கம். போன மாதம் பார்த்தும் வேறு இனம் என்று விட்டுவிட்டேன்!

இதன் புழு பருப்புக்கீரை தின்னும். தொட்டிக்கீரை மொட்டையானதற்கு அம்மா இத்தனை நாளும் நத்தையைத் திட்டிக்கொண்டிருந்தார்.