டெல்லியா, நாக்பூரா, பிலாஸ்பூரா? நர்ஸ் சம்பளத்தில் எங்கே கையில் காசு நிற்கும்?

பொதிகை_பயணி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 27 வயது. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து நாலு வருடமாகச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வில் இருக்கிறேன். பி.எஃப். பிடித்தம் போக 19,200 கைக்கு வரும். ஹாஸ்டலுக்கு 6,500, வீட்டுக்கு 7,000. மிச்சத்தில் மாதக் கடைசி வாரம் கேன்டீன் டீயும் பன்னும்தான். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனைகூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளாவில் 2018-இல் அதையே குறைந்தபட்ச ஊதியமாக ஆக்கிவிட்டார்கள். எங்கள் மருத்துவமனையில் 150 படுக்கை. என் சம்பளத்தை மேலே சொல்லிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நர்ஸ் எடுக்கும் நார்செட் தேர்வில் மெயின்ஸ் தேறிவிட்டேன். ரேங்க் மிக மேலேயும் இல்லை, மோசமும் இல்லை. எந்த எய்ம்ஸ் என்று விருப்ப வரிசை போட வேண்டும். அடிப்படைச் சம்பளம் எல்லா ஊரிலும் ஒன்றுதான், லெவல் 7, 44,900. ஜூலை 2025 நிலவரப்படி அகவிலைப்படி 58 சதவீதம், அது 26,042. நர்சிங் அலவன்ஸ் 9,000, உடுப்புக்கு 2,250. இதுவரை எந்த ஊருக்கும் மாற்றமில்லை. வீட்டு வாடகைப்படியும் போக்குவரத்துப்படியும்தான் ஊருக்கு ஊர் மாறுகின்றன. வாடகைப்படிக்கு ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். டெல்லி எக்ஸ் வகுப்பு, அடிப்படையில் 30 சதவீதம், 13,470. நாக்பூர் ஒய் வகுப்பு, 20 சதவீதம், 8,980. இமாச்சலப் பிரதேசத்து பிலாஸ்பூர் இசட், 10 சதவீதம், 4,490. போக்குவரத்துப்படி டெல்லிக்கும் நாக்பூருக்கும் 3,600, பிலாஸ்பூருக்கு 1,800. இதன்மேலும் அகவிலைப்படி உண்டு.

நைட் டூட்டியில் பேஷண்ட் தூங்கிய நேரம் பார்த்து மானிட்டர் வெளிச்சத்தில் கூட்டினேன். டெல்லி 1,01,350. நாக்பூர் 96,860. பிலாஸ்பூர் 89,526. டெல்லிக்கும் பிலாஸ்பூருக்கும் பன்னிரண்டாயிரம் வித்தியாசம்.

அப்பா டெல்லியைத்தான் முதலில் போடச் சொல்கிறார். "லட்சம்" என்ற சொல் அவரைப் பிடித்துக்கொண்டது, டீக்கடை வரைக்கும் போய்விட்டது. ஆனால் டெல்லி வாடகையைக் கேட்டால் பயமாக இருக்கிறது. வெளியூரில் வேலை செய்யும் அக்காமார், அண்ணன்மார் உங்கள் கணக்கைச் சொல்லுங்கள். மாதம் 25,000 வீட்டுக்கு அனுப்ப வேண்டும், தம்பி டிப்ளமோ படிக்கிறான்.

—

முனிர்கா_அக்கா எழுதியது:

முதலில் வாழ்த்துகள் தங்கச்சி. உன் கூட்டல் சரி. ஆனால் கழித்தலைப் போடவில்லையே! ஓய்வூதியத்துக்கு அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்த தொகையில் பத்து சதவீதம் போகும். உனக்கு 7,094. எந்த ஊரானாலும் இது ஒன்றுதான். வருமான வரி 2025-26 கணக்குப்படி வராது. டெல்லியின் முழுத் தொகையையே வருடத்துக்குப் பெருக்கி, நிலையான கழிவு 75,000 போனால் பன்னிரண்டு லட்சத்துக்குக் கீழேதான் நிற்கும். அந்தப் பயம் வேண்டாம். ஆக டெல்லியில் கைக்கு 94,000 சொச்சம்.

நான் மார்த்தாண்டத்துக்காரி. 2014-இல் மத்திய அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கோட்லா முபாரக்பூரில் மூன்றாம் மாடியில் ஒரே அறை, கோட்டயத்துப் பிள்ளைகள் இரண்டு பேரோடு. மூன்று பேருக்கும் வேறு வேறு ஷிப்ட் என்பதால் கட்டில் இரண்டே போதுமாக இருந்தது! அப்போது மிச்சம் பிடித்ததுபோல் நான் பிறகு ஒருநாளும் பிடிக்கவில்லை. வாடகையை மூன்றாகப் பிரித்தோம், ஆனால் வாடகைப்படி மூன்று பேருக்கும் முழுசாக வந்தது. இதை மனதில் வை. வாடகைப்படி என்பது உன் வாடகையைப் பார்த்துத் தருவதல்ல, ஊரைப் பார்த்துத் தருவது. பகிர்ந்து இருப்பவளுக்கு டெல்லி லாபம். குடும்பத்தோடு இருப்பவளுக்கு அதே டெல்லி நஷ்டம்.

இப்போது என் கதை இரண்டாவது வகை. முனிர்காவில் இரண்டு அறை, 19,000. தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு என்று வீட்டுக்காரர் தனியாக 800 வாங்குவார். கரண்ட் 200 யூனிட் வரை இலவசம் என்று கேட்டுவிட்டு வந்துவிடாதே. மே, ஜூனில் கூலரும் ஃப்ரிட்ஜும் ஓடினால் அதைத் தாண்டிவிடும், தாண்டினால் அந்த இலவசம் இல்லை. பஸ் பெண்களுக்கு இலவசம். அது நிஜமாகவே உதவுகிறது, மெட்ரோவை விட்டு நான் பஸ்ஸில்தான் போகிறேன்.

குவார்ட்டர்ஸ் கிடைத்தால் தேவலை என்பார்கள். கிடைத்தால் வாடகைப்படி நின்றுவிடும். டெல்லியில் 13,470-ஐ விட்டுக்கொடுத்து 19,000 வீட்டுக்குப் பதில் குவார்ட்டர்ஸ் வாங்கினால் லாபம்தான். அறையைப் பகிர்ந்து 6,000 கொடுக்கிற பிள்ளைக்கு அது நஷ்டம். கூட வேலை பார்த்தவள் ஒருத்தி சந்தோஷமாகக் குவார்ட்டர்ஸுக்கு மாறி, அடுத்த மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து அழுதாள். சரி, அவளுக்கு அங்கே நிம்மதியான தூக்கம் கிடைத்தது, அதற்கும் ஒரு விலை உண்டு.

சம்பளச் சீட்டில் இல்லாத செலவுகளைச் சொல்கிறேன். நவம்பர் வந்தால் காற்று. மகனுக்கு மூச்சு இரைத்ததும் 9,000 கொடுத்து ஏர் ப்யூரிஃபையர் வாங்கினோம், அதன் ஃபில்டர் வருடா வருடம் ஒரு செலவு. டிசம்பரில் ரஜாய் என்கிற கனமான பஞ்சுப் போர்வை, ஹீட்டர். புழுங்கலரிசி நம் ஊர் விலைக்குக் கிடைக்காது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் விலை கேட்டால் ரசத்தோடு நிறுத்திக்கொள்வாய்.

எல்லாவற்றையும் விடப் பெரியது ஊருக்குப் போகும் செலவு. போன வருடம் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன், அப்புறம் கிருமி தொற்று, அப்புறம் இன்னொரு முறை. திருவனந்தபுரத்துக்கு மூன்று தடவை ஃப்ளைட், மொத்தம் 41,000. ரயிலில் போக முடியாதா என்று கேட்காதே, திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு இரண்டு நாள்தான். அதில் நாகர்கோவில் போய் இறங்க இரண்டு ராத்திரி ஆகும். உன் கணக்குப்படி பார்த்தால் புதுச்சேரி மாதிரி ஓர் ஊரைவிட டெல்லி கூடத் தருவது மாதம் சுமார் ஏழாயிரம். ஏறக்குறைய ஆறு மாத ஏழாயிரம் அந்த டிக்கெட்டுகளுக்கே போயிற்று.

ஊருக்குப் போக அரசு டிக்கெட் செலவு தரும் எல்.டி.சி. உண்டே என்பாய். உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் எட்டு வருடம் நல்ல சலுகையே இருக்கிறது, நாலு வருடத்தில் மூன்று முறை சொந்த ஊர், ஒரு முறை நாட்டில் எங்கே வேண்டுமானாலும். ஆனால் அம்மா எல்.டி.சி. பார்த்து விழுவதில்லை.

உனக்கு என் யோசனை நாக்பூர். டெல்லியைவிட 4,490 குறைவு, அவ்வளவுதான். போக்குவரத்துப்படி பெரிய நகரக் கணக்கு. டெல்லியிலிருந்து சென்னைக்கு வரும் ஜி.டி.யும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் நாக்பூர் வழியாகத்தான் வருகின்றன, பாதித் தூரம் மிச்சம். வெயில் கொளுத்தும், சங்கரன்கோவில்காரிக்கு நான் அதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. சேர்ந்த பிறகு மாற்றல் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பிப் போகாதே. ஒவ்வொரு எய்ம்ஸும் தனி நிறுவனம். போடுகிற வரிசையை இருபது வருடத்துக்குப் போடுவதாக நினைத்துப் போடு.

—

கோரிமேடு_கடலூர் எழுதியது:

அக்கா புதுச்சேரியை உதாரணம் சொன்னதால் வருகிறேன். நான் இங்கேதான், மத்திய அரசுப் பணி, அதே லெவல் 7. ஒய் வகுப்பு ஊர், சின்ன போக்குவரத்துப்படி. பொதிகை தங்கச்சி போட்ட கணக்குப்படி புதிதாகச் சேர்பவருக்கு இங்கே 94,016. வில்லியனூர் பக்கம் தனி வீடு 8,500-க்கு இருக்கிறேன், புதிதாகச் சேர்பவருக்கே வாடகைப்படி 8,980. டெல்லியில் இருப்பவர்களைவிட நான்தான் பணக்காரன் என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் ஒரு செலவு கண்ணில் பட்டது. மொய்! சொந்த ஊர் கடலூர் பக்கம், பஸ் ஏறினால் வீடு. அதனால் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை, கருமாதி எதையும் தட்ட முடியாது. "சென்ட்ரல் கவர்மெண்டு" என்று பெயர் வேறு. மற்றவர்கள் 500 எழுதும் இடத்தில் நான் 2,000 எழுத வேண்டும். போன வைகாசி, ஆவணி இரண்டு மாதத்தில் மட்டும் 23,000. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், திரும்பி வரும் என்று மனைவி சொல்கிறாள். எனக்கு இருப்பது ஒரே மகன், அவனுக்கு மூன்று வயது.

அப்புறம் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் டிரிப் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். டெல்லியில் அந்தத் தொல்லை இருக்காது.

இருந்தாலும் நாலு மாதம் அப்பா டயாலிசிஸில் இருந்தபோது எனக்கு ஆஃப் உள்ள நாளிலெல்லாம் ஒரு தடவை விடாமல் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா சொன்ன 41,000 டிக்கெட் செலவு எனக்கு மொத்தமாகவே அறுநூறு ரூபாய் பஸ் டிக்கெட்டில் முடிந்தது. மொய் போனால் போகிறது.

தங்கச்சி, ஜிப்மர் தேர்வு தனியாக வரும், அதையும் எழுது. மதுரை எய்ம்ஸ் பக்கத்தில் இருக்கிறதே என்று மனக்கோட்டை கட்டாதே. 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள், 2022-இல் சேர்ந்த முதல் மாணவர்களே ராமநாதபுரத்தில் உட்கார்ந்துதான் பாடம் கேட்டார்கள்.

—

தொகுப்பூதியம்7700 எழுதியது:

எல்லாரும் லட்சத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று பேசுகிறீர்கள். பொறாமை இல்லை. தங்கச்சி தேறினது சந்தோஷம், உண்மையாகச் சொல்கிறேன். எங்கள் கணக்கையும் ஓர் ஓரமாகப் படித்துவிட்டுப் போங்கள்.

2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி மாநில அரசில் தொகுப்பூதியத்தில் வந்தவள் நான். 7,700 ரூபாய். இப்போது 18,000. தொகுப்பூதியம் என்றால் ஒரே தொகை. வாடகைப்படி கிடையாது, ஊர் வகுப்பு கிடையாது, எக்ஸ், ஒய், இசட் எதுவும் கிடையாது. மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன், வாடகை 3,500. கொரோனா சமயம் சென்னைக்கு அனுப்பினார்கள், அங்கே பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலுக்கே 6,000. சம்பளம் ஒரு ரூபாய் மாறவில்லை. மலைக்குத் திரும்பியபோது எனக்குச் சம்பள உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது. சிரிப்பாக இல்லையா?

எந்த ஊர் என்பதைவிட நிரந்தரமா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரிந்த வித்தியாசம். பிலாஸ்பூர் என்றாலும் போய்ச் சேர். 89,000 அம்மா!

—

பொதிகை_பயணி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. தொகுப்பூதியம் அக்கா, உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "பிலாஸ்பூர் எங்கே இருக்கு?" என்றார்.

நாக்பூர் முதலில், டெல்லி இரண்டாவது, பிலாஸ்பூர் மூன்றாவது என்று வைத்திருக்கிறேன். பிலாஸ்பூரை எடுத்துவிடத்தான் நினைத்தேன், எடுக்கவில்லை. அக்கா, டெல்லியே விழுந்தால் முதலில் கையில் எவ்வளவு வைத்துக்கொண்டு வர வேண்டும்? இங்கே ஒரு மாத நோட்டீஸ், சான்றிதழ்களையும் அவர்கள்தான் வைத்திருக்கிறார்கள், அது தனிக் கதை.

—

முனிர்கா_அக்கா எழுதியது:

முதலில் அந்தச் சான்றிதழை வாங்கு. எழுத்தில் கேள், கொடுத்த கடிதத்துக்குப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கு. சேரும் அன்று அசலைக் காட்டாமல் உள்ளே விடமாட்டார்கள்.

கையில் 40,000 வேண்டும். ஒரு மாத வாடகை, ஒரு மாத அட்வான்ஸ், சிலிண்டர், மெத்தை. முதல் சம்பளம் உடனே வராது. காகிதமெல்லாம் நகர்ந்து எனக்கு வந்து சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை கோட்டயத்துப் பிள்ளைகள்தான் சோறு போட்டார்கள்.

—

பொதிகை_பயணி எழுதியது:

நாற்பதாயிரமா! அம்மாவின் சங்கிலி தம்பி ஃபீஸுக்கு ஏற்கெனவே சொசைட்டியில் அடகில் இருக்கிறது. பெரியம்மாவிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

—

கோரிமேடு_கடலூர் எழுதியது:

கேள். அந்த டீக்கடைக்காரரிடம் மட்டும் கேட்காதே, அவருக்கு நீ இப்போதே லட்சம் சம்பளக்காரி.