ரிசர்வ் சைட்டில் 500 மரக்கன்றுகள்: வாங்கலாமா, வேண்டாமா?

கேள்வி (நலச்சங்கச் செயலாளர், கோவை கிழக்கு):

அனைவருக்கும் வணக்கம். கோவை மாநகரின் கிழக்கு எல்லையில் உள்ள எங்கள் குடியிருப்பில் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய 20 சென்ட் அளவுள்ள ரிசர்வ் சைட் ஒன்று வேலியில்லாமல் கிடக்கிறது. பார்த்தீனியமும் கட்டட இடிபாடுமாக இருந்த அந்த இடத்தைச் சங்கத்தின் சார்பில் அண்மையில்தான் துப்புரவு செய்தோம். இப்போது தொழில் நிறுவனம் ஒன்று 500 மரக்கன்றுகளை இலவசமாகத் தருவதாகவும், ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று விழா வைத்து ஒரே நாளில் நட்டுவிடலாம் என்றும் சொல்கிறது. சங்கத்தில் பாதிப்பேர் மியாவாக்கி முறையில் நெருக்கி நட வேண்டும் என்கிறார்கள். மற்றவர்கள் நல்ல நிழல் மரங்களாக இருபது முப்பது போதும் என்கிறார்கள். மேலே ஒன்றரை அடிக்குச் செம்மண், அதற்குக் கீழே சுக்கான் கல் என்ற இறுகிய சுண்ணாம்புக் கல். ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். தெருவின் ஒரு பக்கம் மின்கம்பிகள் செல்கின்றன. நம் பகுதியில் இப்படி நட்டு வளர்த்தவர்கள் தங்கள் கருத்தைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (பல்லடம் விவசாயி):

ஐயா, கன்றுகளை வாங்குவதற்கு முன்பு தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 10 லிட்டர் என்று வைத்தாலே 500 கன்றுகளுக்கு 5,000 லிட்டர் ஆகிறது. கோடையில் வாரம் இரண்டு முறை ஊற்ற வேண்டும் என்றால், ஒவ்வொரு முறையும் ஒரு டேங்கர் லாரியை அழைக்க வேண்டியிருக்கும். அதுவும் ஒரு கோடையோடு முடியாது, குறைந்தது இரண்டு கோடைகள். விழாவுக்குப் பணம் தருகிறவர்கள் இந்தச் செலவைப் பற்றி வாயே திறப்பதில்லை. இலவசக் கன்றுகளுக்குப் பதிலாக இரண்டு ஆண்டுத் தண்ணீருக்கும் கம்பி வேலிக்கும் அந்த நிறுவனம் பணம் தருமா என்று கேட்டுப் பாருங்கள்; அவர்களுடைய அக்கறை எவ்வளவு தூரம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, ஜூன் மாத நடவு நம் ஊருக்குப் பொருந்தாது. தென்மேற்குப் பருவமழை தொண்டாமுத்தூர், ஆனைமலைப் பக்கம் ஓரளவு பெய்யுமே தவிர, சூலூர், பல்லடம், காங்கேயம் பக்கம் மழைக்குப் பதிலாகக் காற்றைத்தான் அனுப்பும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்கள். வேர் பிடிக்காத கன்றை ஆனி, ஆடி முழுவதும் அது ஆட்டிக்கொண்டே இருக்கும். இலை வழியாக ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஜூனில் குழியை எடுத்து ஆறப்போடுங்கள். புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் கன்றுக்குக் கிடைக்கும். ஊன்றுகோலை மேற்குப் பக்கமாக நட்டு, சணல் கயிற்றால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டினால் அடுத்த ஆடியைத் தாங்கிக்கொள்ளும்.

பதில் 2 (வனவியல் படித்தவன், மேட்டுப்பாளையம்):

பல்லடத்து அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கன்றுகளாவது நட வேண்டும். உங்கள் 20 சென்ட் என்பது ஏறத்தாழ 800 சதுர மீட்டர். அதன்படி முழுவதும் நட 2,400 கன்றுகள் தேவைப்படும். அடியில் சுக்கான் இருக்கும் இடத்தில், நல்ல தண்ணீரும் இல்லாமல், அத்தனை கன்றுகளை வளர்ப்பது வீண் செலவு என்பது என் கருத்து. தவிர, அப்படி உருவாகும் அடர்ந்த தோப்பில் முதியவர்கள் உட்காரவோ குழந்தைகள் விளையாடவோ இடம் இருக்காது. குப்பை கொட்டுவதைத் தடுக்க ஓர் ஓரத்தில் நான்கைந்து சென்ட் அளவுக்கு அடர்த்தியாக நட விரும்பினால் அதில் தவறில்லை.

மீதியிடத்தில் பதினைந்தடிக்கு ஒன்றாக நட்டால் முப்பது மரங்கள் கொள்ளும். மூன்றடி ஆழத்துக்குக் குழி எடுத்து, சுக்கானைக் கடப்பாரையால் உடைத்து வெளியேற்றிவிட்டு, செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். உப்புத் தண்ணீரைப் புங்கன், வேம்பு, பூவரசு மூன்றும் ஓரளவு தாங்கும். வாகையும் உசிலையும் வறட்சிக்கு ஏற்றவை. மின்கம்பி செல்லும் பக்கத்தில் மந்தாரை, பவழமல்லி போன்ற சிறு மரங்களை மட்டும் வையுங்கள். இல்லாவிட்டால் மின்வாரியத்தினர் ஆண்டுதோறும் வந்து மரத்தின் தலையை வெட்டிக்கொண்டுதான் இருப்பார்கள், அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆலும் அரசும் சுற்றுச்சுவரிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். குல்மொஹர் பூத்தால் அழகுதான், ஆனால் நம் ஆடிக் காற்றில் கிளை முறிந்து நிறுத்தியிருக்கும் கார் மேல் விழும். கன்று நான்கடி உயரமாவது இருக்கட்டும். கறுப்புப் பிளாஸ்டிக் பையை மறக்காமல் கிழித்து எடுத்துவிடுங்கள். நட்டபின் அடியில் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து மூடாக்குப் போட்டால் தண்ணீர்த் தேவை நன்றாகக் குறையும்.

பதில் 3 (ஓய்வுபெற்ற அரசு ஊழியர், ஈரோடு):

ரிசர்வ் சைட் என்பது மனைப்பிரிவு அங்கீகாரத்தின்போது பொதுப் பயன்பாட்டுக்காக உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்ட இடம். எனவே ஒரு கன்று நடுவதற்கும் முன்பாக மாநகராட்சியிடம் எழுத்து வடிவில் அனுமதி பெற்றுக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை அங்கே நீர்த்தொட்டி கட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தால், அந்தக் கடிதம்தான் உங்களுக்குத் துணை. அரசு நிலத்தில் வளர்ந்த மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் தேவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கன்றுகளுக்கு அந்த நிறுவனத்தை நம்ப வேண்டியதுமில்லை. 2022இல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் கீழ் வனத்துறை நாற்றங்கால்களிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

பதில் 4 (காங்கேயம்):

எல்லோரும் வனம், வனம் என்று பேசுவதால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கிழக்குக் கொங்கின் இயல்பான பசுமை அடர்காடாக இருந்ததில்லை. கிளுவை என்ற முள்மர வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும், அங்கங்கே எட்ட எட்ட நிற்கும் வெள்வேல மரங்களுமாக இருக்கும் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம்தான் இந்த மண்ணுக்கும் மழைக்கும் பொருந்திய அமைப்பு. காங்கேயம் மாடுகள் மேய்ந்து வளர்ந்ததும் அதில்தான். உங்கள் இடத்தில் மாடு மேய்க்கச் சொல்லவில்லை. ஆனால் நான்கைந்து வெள்வேல மரங்களுக்கு இடம் கொடுத்தால், வேர் பிடித்தபின் அவை உங்களிடம் தண்ணீர் கேட்காது. இரும்பு வேலிக்குச் செலவழிப்பதை விட மழைக்காலத்துக்கு முன்பு கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைகளை) நெருக்கமாக ஊன்றிவிடலாம். சில ஆண்டுகளில் ஆடு நுழையாத வேலி கிடைக்கும்.

செயலாளர்:

பதில் அளித்த அனைவருக்கும் நன்றி. நிறுவனத்திடம் தண்ணீர்ச் செலவைப் பற்றிப் பேசுகிறோம். ஒரே ஒரு ஐயம்: அண்மைக்காலமாகப் பனிக்காலத்தில் வேப்ப மரங்கள் நுனியிலிருந்து கருகி நிற்பதைப் பார்க்கிறோமே, அப்படியிருக்க வேம்பை நடலாமா?

வனவியல் படித்தவன்:

நடலாம். அந்தக் கருகலுக்குத் தேயிலைக் கொசு என்ற பூச்சியும் அதைத் தொடர்ந்து வரும் பூஞ்சாணமும் காரணம். பெரிய மரங்கள் பெரும்பாலும் வெயில் ஏறியதும் மீண்டும் துளிர்த்துவிடும். இளங்கன்றில் கருகிய நுனிகளை மட்டும் வெட்டி அப்புறப்படுத்துங்கள். முப்பதில் ஐந்தாறுக்கு மேல் வேம்பு வைக்காமல் பல வகைகளையும் கலந்து நட்டால், ஒரு பூச்சி வந்து தோப்பு முழுவதையும் காயவைக்கும் நிலை வராது.