சோஷியல் லோஃபிங்: 'கூட்டுத்தொய்வு'ன்னு வைக்கலாமா?

வணக்கம். ஒரு வேலைய தனியா செய்யறத விட கூட்டமா செய்யறப்ப ஆளுக்காளு முயற்சி கொறையறதத்தான் சோஷியல் லோஃபிங்ங்கறாங்க, அதுக்குத்தான் இங்க தமிழ்ல பேரு தேடிட்டிருக்கோம். அண்ணன் நேத்து எழுதுன 'சமூகச் சோம்பல்' எனக்கு ஒட்டல. சமூகம்னா நமக்கு ஊரு, சாதி, நாடுதான் ஞாபகம் வரும், இங்க பேச்சு அஞ்சாறு பேர் சேந்து ஒரு வேலை செய்யறதப் பத்தி. சோம்பல்னா அது ஆளோட கொணம், ஆனா இதே ஆள தனியா விட்டா நல்லா செய்வான், பத்து பேரோட சேத்தாதான் கை எறங்குது.

இத மொதல்ல அளந்ததே கயிறு இழுக்க வச்சுதான். ரிங்கெல்மன்னு பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913ல வெளியிட்டது: எட்டு பேர் சேந்து இழுத்தா ஆளுக்கு அவனவன் பலத்துல பாதிதான் வருது. அந்தக் கொறவுல கொஞ்சம் எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்காததால போறது. 1979ல லாட்டனேங்கற உளவியலாளரோட குழு கைதட்ட வச்சு, கத்த வச்சு பாத்து அதக் கழிச்சப் பெறகும் ஒரு கொறவு மிச்சம் இருக்குன்னு காட்டுனாங்க. நாம பேரு தேடறது அந்த மிச்சத்துக்கு மட்டும், ரிங்கெல்மன் விளைவுங்கறது மொத்தக் கொறவு, ரெண்டையும் கொழப்பிட வேண்டாம்.

குளச்சல் பக்கம் சின்ன வயசுல கரமடி, அதாவது கரையில நின்னு இழுக்கற பெரிய மீன் வலை, வலிக்கறத பாத்துட்டு நிப்பேன். குதிகால மணல்ல ஊனி, பின்னால சாஞ்சு, ஏலேலோ போட்டு வலிப்பாங்க, பாட்டு இருக்கதால எல்லாரும் ஒண்ணாதான் வலிப்பாங்க, ஆனாலும் கடைசி ரெண்டு மூணு பேருக்கு நடுவுல வடம் லேசா தொங்கும். ஒரு பெரியவர் அத பாத்துட்டு "வடம் தொய்யுதுலே"ம்பாரு, யார் பேரையும் சொல்லமாட்டாரு. அந்த வார்த்தைதான் வேணும்னு எனக்கு தோணுது, ஆள குத்தாம நடக்கறத மட்டும் சொல்லுது. 'வேலையில தொய்வு'ன்னு ஆபீஸ்லயும் சொல்றதுதானே.

அக்கா சொன்ன 'கூட்டுத்தளர்வு' கிட்டத்தட்ட சரி, ஆனா 2020க்கு அப்பறம் தளர்வுன்னா ஊரடங்கு தளர்வுதான் மொதல்ல காதுல விழுது.

இன்னொண்ணு, தனித்தனியா அளந்தா இது கொறையும்னு அப்பறம் வந்த ஆய்வுகள்ல இருக்கு. எங்க பக்கம் அண்டி ஆபீஸ்ல (முந்திரி ஆலை) கொட்டைய தல்லி ஒடைக்கற பொம்பளைங்களுக்கு கிலோ கணக்குலதான் கூலி, அவங்கவங்க பருப்ப தனியா எடை போடுவாங்க, அங்க கூட்டுத்தொய்வுக்கு எடமே இல்ல. அதே ஆபீஸ்ல சாக்கு மூட்டைய நாலு பேர் சேந்து தூக்கறப்ப பாருங்க.

வாக்கியத்துல போட்டுப் பாத்தேன்: "குழு பெருசாக பெருசாக கூட்டுத்தொய்வு கூடும்." எனக்கு எங்கயும் இடிக்கல, உங்களுக்கு இடிச்சா எந்த எடத்துலன்னு சொல்லுங்க.